1991 பம்பாய்ப் படத்தில் வரும் துப்பாக்கிகள்: எது எது? (8 ஸ்டில்கள்)

செம்பூர்வாசி:
ஓடிடியில் புதிதாக வந்திருக்கும் அந்த பம்பாய் தாதா படத்தை இங்கே பாதிப் பேராவது பார்த்திருப்பீர்கள். பெயரைப் போடவில்லை. போட்டால் ஹீரோவின் ரசிகர் படை வந்திறங்கி இழையை நாறடித்துவிடும். ஸ்டில்களைப் பார்த்தாலே எந்தப் படம் என்று புரியும். கதை நடப்பது 1991. தொடக்கத்திலேயே திரை முழுக்க ஆண்டைப் போட்டுக் காட்டுகிறார்கள். பிரீமியர் பத்மினி டாக்ஸி, கறுப்பு டயல் போன், சுவரில் பழைய தேர்தல் சின்னம் என்று எல்லாவற்றையும் தேடிப் பிடித்து வைத்திருக்கிறார்கள். துப்பாக்கியிலும் அந்த அக்கறை இருந்ததா என்று தெரிய வேண்டும்.

ஸ்டில் 1: போலீஸ் சௌக்கி (காவல் சாவடி) வாசலில் கான்ஸ்டபிள் வைத்திருக்கும் நீளத் துப்பாக்கி. 2: இன்ஸ்பெக்டர் உறையிலிருந்து உருவுவது. 3: ஹீரோவின் கறுப்புப் பிஸ்டல். 4: கோடவுன் சண்டையில் வரும் ஏ.கே. 5: டான்ஸ் பாரில் சுடும் கூலிக்காரனின் பிஸ்டல். 6: போலீஸ் வேனிலிருந்து குதிப்பவர் கையில், மேகசின் (தோட்டா வைக்கும் பெட்டி) பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருப்பது. 7: தாராவிப் பையனுடையது. 8: பில்டரைக் கொல்லும் சைலன்சர் போட்ட ரிவால்வர்.

தெரிந்தவர்கள் எண்ணைப் போட்டுச் சொல்லுங்கள். ‘எல்லாமே துப்பாக்கிதான்’ என்று யாரும் பதில் போட வேண்டாம்.

பழைய ஹவில்தார்:
6 சுலபம். பட்டாளத்திலும் போலீஸிலும் நாங்கள் வெறுமனே ‘கார்பைன்’ என்போம். ஆங்கிலேயரின் ஸ்டெர்லிங், கான்பூர் ஸ்மால் ஆர்ம்ஸ் ஃபேக்டரியில் உரிமம் வாங்கிச் செய்தது. 9 எம்எம், மேகசினில் 34 தோட்டா. இடது பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் வளைந்த மேகசின், ஓட்டை போட்ட குழல் உறை, இந்த இரண்டையும் பார்த்தால் வேறு எதுவாகவும் இருக்க முடியாது. 1991-க்கும் போலீஸுக்கும் பொருத்தம். ஆனால் அந்த நடிகர் மேகசினையே கைப்பிடியாகப் பிடித்துக்கொண்டு ஓடுகிறார். அப்படிப் பிடித்தால் மேகசின் அசைந்து தோட்டா சிக்கும். இடது கை குழல் உறைக்கு அடியில் இருக்க வேண்டும். பயிற்சி மைதானத்தில் இப்படிப் பிடித்திருந்தால் பயிற்சி தரும் உஸ்தாத் ஓட வைத்தே கொன்றிருப்பார்.

2, பிஸ்டல் ஆட்டோ 9 எம்எம் 1ஏ. பிரவுனிங் ஹை பவரின் இந்திய வடிவம், இஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலையில் செய்வது. 13 தோட்டா. இதைப் பார்த்து ‘கோல்ட் 1911’ என்று சொல்பவர்கள் அதிகம். பிடியின் பின்பக்கத்தைப் பாருங்கள். 1911-ல் உள்ளங்கை அழுத்துகிற இடத்தில் தனியாக ஒரு சேஃப்டி கட்டை இருக்கும், அழுத்தினால்தான் சுடும். இதில் அது இல்லை.

கிங்ஸ் சர்க்கிள்:
3-க்கு நான் வருகிறேன். அது க்ளாக். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் குழலுக்குக் கீழே சட்டகத்தில் டார்ச் மாட்டுவதற்கான பள்ளம் தெரிகிறதா? பிடியின் முன்பக்கம் விரல் பதியும் மேடுகள் தெரிகின்றனவா? இரண்டும் மூன்றாம் தலைமுறை க்ளாக்கின் அடையாளம். அது வந்தது 1990-களின் பிற்பகுதியில். 1991-ல் இருந்த க்ளாக்கின் அடிப்பக்கம் மொழுமொழுவென்று இருக்கும். ஆக ஹீரோ ஏழெட்டு வருடம் முன்கூட்டியே துப்பாக்கி வாங்கிவிட்டார்.

இன்னொன்று. இடைவேளைக்கு முன் வில்லனின் நெற்றியில் வைத்து, கட்டைவிரலை அசைத்து, ‘கிளிக்’ என்று ஹேமரை (பின்பக்கம் இருக்கும் அடிசுத்தி) இழுக்கும் சத்தம் வருகிறது. க்ளாக்கில் வெளியே ஹேமரே கிடையாது. எதை இழுத்தார்?

சும்மா படிப்பவன்:
ஏங்க, படம் பார்க்கும்போது யாராவது டார்ச் பள்ளத்தைப் பார்ப்பார்களா? கதை, நடிப்பு நல்லா இருக்கா இல்லையா, அதைச் சொல்லுங்க.

கிங்ஸ் சர்க்கிள்:
//யாராவது டார்ச் பள்ளத்தைப் பார்ப்பார்களா//
1991-ல் ஒருவர் மொபைலை எடுத்து செல்ஃபி எடுத்தால் நீங்கள் பார்ப்பீர்கள் அல்லவா? எனக்கு இது அப்படி. மற்றபடி இந்தக் குறை நம் ஊருக்கு மட்டும் சொந்தமில்லை. கோயன் சகோதரர்களின் ‘நோ கன்ட்ரி ஃபார் ஓல்டு மென்’ சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வாங்கியது. கதை 1980-ல் நடக்கிறது. கொலைகாரன் கையில் இருக்கும் ஷாட்கன் ரெமிங்டன் 11-87. அந்த மாடல் வந்ததே 1987-ல். அதனால் அந்தப் படம் கெட்டுவிடவில்லை. இருந்தாலும் கண்டுபிடித்தால் ஒரு சுகம்.

டப்பிங் தம்பி:
அண்ணா, அந்த ‘கிளிக்’ எங்கள் ஆட்கள் செய்த வேலை. அந்தேரியில் சவுண்ட் எடிட்டிங்கில் இருக்கிறேன் (இந்தப் படத்தில் இல்லை, சாமி சத்தியமாக). படம் சத்தமில்லாமல் வரும். லைப்ரரியில் துப்பாக்கி என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். கையில் துப்பாக்கியை எடுத்தாலே ஒரு சத்தம், நீட்டினால் ஒன்று, திரும்பினால் ஒன்று. இயக்குநர் பக்கத்தில் உட்கார்ந்து ‘இன்னும் கொஞ்சம் பவர் வேணும்’ என்பார். க்ளாக்கில் ஹேமர் இல்லை என்று நான் ஒருமுறை சொன்னேன். ‘ஆடியன்ஸுக்குத் தெரியுமா?’ என்றார். முடிந்தது.

8 பற்றி நானே சொல்லிவிடுகிறேன். ரிவால்வரில் சைலன்சர் மாட்டுவது வீண். சிலிண்டருக்கும் (தோட்டாக்கள் இருக்கும் உருளை) குழலுக்கும் நடுவே ஒரு மயிரிழை இடைவெளி இருக்கும். வெடிக்கும் காற்று அந்த வழியாகவும் பீறிட்டு வரும். சத்தமும் அங்கிருந்தே வந்துவிடும், முனையில் எதை மாட்டினாலும். ரஷ்யாவின் நாகன் எம்1895 மட்டும் விதிவிலக்கு. அதில் சுடும்போது சிலிண்டர் முன்னே நகர்ந்து இடைவெளியை அடைத்துக்கொள்ளும். படத்தில் இருப்பது நாகன் இல்லை. ‘புஸ்க்’ என்று ஒரு சத்தம் போட்டிருக்கிறார்கள், அதுவும் லைப்ரரிதான்.

பழைய ஹவில்தார்:
8-ல் இருப்பது சிலிண்டர் பக்கவாட்டில் விலகும் அமெரிக்க வகை, பாயிண்ட் 38. நம் போலீஸில் பல காலம் இருந்தது நடுவில் மடங்கித் திறக்கும் வெப்லி. அது கிடக்கட்டும். இதைவிடப் பெரிய கூத்து அடுத்த காட்சியில் இருக்கிறது, யாரும் சொல்லவில்லையே? பில்டர் செத்துக் கிடக்கிறார். இன்ஸ்பெக்டர் குனிந்து தரையிலிருந்து காலித் தோட்டாவைக் கைக்குட்டையால் எடுக்கிறார். ரிவால்வர் எங்கே ஐயா காலித் தோட்டாவைத் துப்பும்? அது சிலிண்டருக்குள்ளேயேதான் இருக்கும். கொலைகாரன் நின்று நிதானமாகச் சிலிண்டரைத் திறந்து கொட்டிவிட்டுப் போனால்தான் உண்டு.

செம்பூர்வாசி:
ஹவில்தார் சார், அந்தக் காலித் தோட்டாவை வைத்துத்தான் கலீனா தடயவியல் லேப் கொலைகாரனைப் பிடிக்கிறது! படத்தின் இரண்டாம் பாதி முழுக்க அதன் மேல்தான் நிற்கிறது.

பழைய ஹவில்தார்:
அதனால்தான் சொன்னேன். லேபில் பார்ப்பது உண்மையான வேலை. சுடும் ஊசி தோட்டாவின் பின்புறத்தில் பதிக்கும் தடம், உடம்பிலிருந்து எடுத்த குண்டின் மேல் குழல் போட்ட கோடுகள், இவற்றை நுண்ணோக்கியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவார்கள். பில்டர் உடம்பிலிருந்து எடுத்த குண்டை வைத்தே கதையை நடத்தியிருக்கலாம். ஒரு வரி மாற்றினால் போதும்.

ஆர்ட் அசிஸ்டென்ட்:
கோரேகாவ் பக்கம் ஆர்ட் டிபார்ட்மென்டில் இருப்பவன் என்ற முறையில் கொஞ்சம் சொல்கிறேன். திட்டுவதற்கு முன்னால் துப்பாக்கி செட்டுக்கு எப்படி வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். வாடகைக்குக் கொடுப்பவர் ஒரு வண்டியில் பெட்டியோடு வருவார். பெட்டிக்குள் ரப்பர் டம்மி, மர டம்மி, ஏர்சாஃப்ட் பொம்மை, பிளாங்க் (மருந்து மட்டும் உள்ள, குண்டு இல்லாத தோட்டா) சுடுவது என்று கலந்திருக்கும். ஃபைட் மாஸ்டர் கையை விட்டு எடுப்பார். ‘இது கனமா இருக்கு, ஹீரோவுக்கு. இது சின்னது, வில்லனோட ஆளுக்கு.’ அவ்வளவுதான் ஆராய்ச்சி. 1991 என்று காகிதத்தில் எழுதியிருப்பதை அந்தப் பெட்டிக்காரரிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

5, பெரெட்டா 92 போலத் தெரிகிறதே தவிர பெரெட்டா இல்லை. ஸ்லைடின் (சுடும்போது பின்னால் ஓடும் மேல்பாகம்) மேல்பக்கம் திறந்து குழல் தெரிவது பெரெட்டாவின் முகம். அந்த முகத்தை வைத்துக்கொண்டு மூன்று வகை சுற்றுகின்றன. சேஃப்டி நெம்புகோல் ஸ்லைடில் இருந்தால் பெரெட்டா 92எஃப்எஸ். அதே நெம்புகோல் கீழே சட்டகத்தில் இருந்தால் பிரேசிலின் டாரஸ் பிடி92. மூன்றாவது, துருக்கியில் செய்கிற பிளாங்க் கன். எகோல் ஃபிராத் என்ற ஒன்று பெரெட்டாவை அப்படியே பார்த்துச் செய்தது. ஸ்டில்லில் குழல் முனையைப் பெரிதாக்கிப் பாருங்கள். உள்ளே அடைப்பு தெரிகிறது. குண்டு வெளியே போக வழியே இல்லை. அது பிளாங்க் கன்தான்.

இன்னொன்றும் கவனித்தேன். 5-ல் ஸ்லைடின் இடது பக்கம் ஒரு கீறல் இருக்கிறது. 1 மணி 12-வது நிமிடத்தில் வேறு கும்பலின் ஆள் கையில் அதே கீறல். க்ளைமாக்ஸில் கமிஷனர் கையிலும் அதே கீறல். மூன்று பேருக்கும் ஒரே பெட்டி, ஒரே துப்பாக்கி.

கிங்ஸ் சர்க்கிள்:
ஹா ஹா, கமிஷனரைக் கைது செய்ய வேண்டியதுதான்.

எனக்கு இதுதான் உறுத்துகிறது. ஆண்டு தப்பினால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். துப்பாக்கி யாருடையது என்பது ஆளைக் காட்ட வேண்டும். சர்க்காரிடம் வாங்கியவன், கடல் வழியாக இறக்கியவன், பட்டறையில் செய்தவன், இவர்கள் மூவர் கையிலும் ஒரே பெரெட்டா என்றால் அந்த மூவரும் ஒரே ஆள்தான். 5-ல் அந்தக் கூலிக்காரனிடம் சீனாவின் டைப் 54 கொடுத்திருந்தால் எவ்வளவு சரியாக இருந்திருக்கும்! ரஷ்ய டோக்கரேவின் நகல், 8 தோட்டா, பிடியில் நட்சத்திரம். சாதாரணமாக அதில் சேஃப்டி நெம்புகோலே இருக்காது. ஹேமரைப் பாதி இழுத்து வைத்துக்கொண்டு சுற்ற வேண்டும். அதுவே அவனைப் பற்றி ஒரு கதை சொல்லும்.

சும்மா படிப்பவன்:
பிளாங்க் கன் என்றால் ஆபத்து இல்லைதானே? பிறகு ஏன் இப்போது எல்லாம் கம்ப்யூட்டரில் நெருப்பு போடுகிறார்கள்? பார்க்கவே போலியாக இருக்கிறது.

ஆர்ட் அசிஸ்டென்ட்:
ஆபத்து இல்லை என்று யார் சொன்னது? பிளாங்கிலும் மருந்து இருக்கிறது, சூடான காற்று வேகமாக வருகிறது. கிட்டத்தில் சுட்டால் ஆளைக் கொல்லும். 1993-ல் பிராண்டன் லீ ஷூட்டிங்கிலேயே செத்தது தெரியுமா? முந்தைய ஷாட்டில் பயன்படுத்திய டம்மித் தோட்டாவின் முனை கழன்று குழலுக்குள் சிக்கியிருந்தது. யாரும் பார்க்கவில்லை. பிறகு பிளாங்க் போட்டுச் சுட்டபோது அது நிஜக் குண்டாகப் பாய்ந்துவிட்டது. 2021-ல் ‘ரஸ்ட்’ படப்பிடிப்பில் ஒளிப்பதிவாளர் ஹலினா ஹட்சின்ஸ் இறந்தார். அங்கே துப்பாக்கிக்குள் நிஜத் தோட்டாவே இருந்தது. அதற்கப்புறம் பலர் வேண்டவே வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். நான் அவர்கள் பக்கம்.

கம்ப்யூட்டர் நெருப்பைக் கண்டுபிடிக்க ஆசை என்றால் நெருப்பைப் பார்க்காதீர்கள், சுடுபவரின் முகத்தைப் பாருங்கள். இருட்டில் நிஜமாகச் சுட்டால் கன்னத்தில் வெளிச்சம் அடிக்கும். கோடவுன் சண்டையில் யார் முகத்திலும் வெளிச்சம் இல்லை. ஸ்லைடும் நகரவில்லை.

தாராவி 90 அடி ரோடு:
7 பற்றி யாரும் பேசவில்லை, எனக்குத்தான் விட்டுவைத்தீர்கள் போல. அது கட்டா. நாட்டுத் துப்பாக்கி. நடுவில் மடக்கி, ஒரு தோட்டா போட்டு, மூடி, சுட வேண்டும். மறுபடி சுட வேண்டுமென்றால் மறுபடி மடக்க வேண்டும். ஸ்டியரிங் ராடு மாதிரியான குழாயிலிருந்து குழல் செய்வார்கள். பெரும்பாலும் 12 போர் அல்லது பாயிண்ட் 315. ஏன் அந்த அளவு என்றால் இரண்டுக்கும் தோட்டா லைசென்ஸ்காரர்களுக்குக் கடையில் கிடைக்கும், அங்கிருந்து வெளியே நழுவிவிடும். 9 எம்எம் அப்படிக் கிடைக்காது. பீகாரின் முங்கேர் இந்தத் தொழிலுக்குப் பேர் போன ஊர்.

படத்தில் பார்க்க நிஜக் கட்டா போலவே செய்திருக்கிறார்கள், துரு, வெல்டிங் எல்லாம் பிரமாதம். ஆனால் பையன் மூன்று முறை தொடர்ந்து சுடுகிறான். ஒரு குழல், மூன்று குண்டு. அம்மன் அருள்.

அப்புறம் ஒரு வயிற்றெரிச்சல். மாட்டுங்காவில் வெள்ளை வேட்டி, விபூதியோடு ஒரு தமிழ் தாதா வந்து ஊருக்கு நீதி சொல்கிறார். யாரை வைத்து எழுதினார்கள் என்று குழந்தைக்கும் தெரியும். வரதராஜ முதலியார் 1988-லேயே சென்னையில் காலமாகிவிட்டார். 1991-ல் அவர் சாயலில் ஒருவரை எதற்கு உட்கார வைக்கிறீர்கள்? தாராவியில் தோல் பட்டறையும் இட்லிக் கடையும் நடத்தினவர்களை ஒரு ஷாட்டிலாவது காட்டுங்களேன்.

புதியவன் 22:
அண்ணா கட்டா இப்போ எங்கே கிடைக்கும், என்ன ரேட்?

[இந்தப் பதிவின் கீழ் வந்த பதில்கள் நீக்கப்பட்டுள்ளன. வாங்குவது, விற்பது, செய்வது பற்றிக் கேட்டால் கணக்கு முடக்கப்படும். – நடத்துநர்]

செம்பூர்வாசி:
நன்றி நடத்துநரே. 4-க்கு வருவோம். வசனத்தில் ‘ஏகே 47’ என்கிறார்கள், சப்டைட்டிலில் ‘ஏகே 56’ என்று வருகிறது. எது சரி?

கிங்ஸ் சர்க்கிள்:
இரண்டும் இல்லை!

நம் பத்திரிகைகளில் ஏகே 56 என்று எழுதுவது சீனாவின் டைப் 56-ஐ. அதைக் கண்டுபிடிக்க ஒரே இடம் போதும். குழல் முனையில் குறிபார்க்கும் ஊசியைச் சுற்றி முழு வளையம் இருக்கும். ரஷ்ய வகைகளில் இரண்டு பக்கமும் காது மாதிரி நின்று மேலே திறந்திருக்கும். நிறைய டைப் 56-ல் குழலுக்கு அடியில் மடக்குக் கத்தியும் உண்டு. ஸ்டில்லில் ஊசிக்கு மேலே திறந்திருக்கிறது, கத்தி இல்லை. ஆக ஏகே 56 இல்லை.

அடுத்து மேல்மூடியைப் பாருங்கள். பழைய ஏகே 47-ல் அது வழவழப்பாக இருக்கும். இதில் குறுக்கே வரிவரியாக மடிப்பு இருக்கிறது, முனையும் சாய்வாக வெட்டியிருக்கிறது. அது 1959-ல் வந்த ஏகேஎம். அல்லது அதைப் பார்த்துச் செய்த ஏர்சாஃப்ட். எனக்கு ஏர்சாஃப்ட் என்றே படுகிறது, மேகசினில் பிளாஸ்டிக் இணைப்புக் கோடு தெரிகிறது.

ஆனால் சப்டைட்டில் எழுதியவர் ஊரை அறிந்தவர். பம்பாய்க்கு உண்மையில் வந்தது டைப் 56. 1993 குண்டுவெடிப்புக்கு முன்னால் ராய்கட் கரையில் திகி, ஷேக்காடி பக்கம் இறக்கிய சரக்கில் ஆர்டிஎக்ஸோடு வந்தவை அவைதான். 1992 செப்டம்பர் 12-ல் ஜே.ஜே. மருத்துவமனைக்குள் புகுந்து சுட்டபோதே ஏகே வகை நகரத்துக்குள் வந்துவிட்டது.

பழைய ஹவில்தார்:
அதோடு கோடவுனில் ஹீரோ பிடுங்கிய ஏகேயை விசையை விடாமல் சுடுகிறார். நிமிடத்துக்குச் சுமார் 600 சுடும் துப்பாக்கி, மேகசினில் 30. மூன்றே விநாடி. நான் கடிகாரத்தை வைத்துப் பார்க்கவில்லை, ஆனால் அதற்குள் என் மனைவி சமையலறைக்குப் போய்த் திரும்பி வந்துவிட்டாள்.

டப்பிங் தம்பி:
ஒரு சட்ட சந்தேகம் சார். பில்டர் சாவதற்கு முன் டிராயரைத் திறந்து, ‘லைசென்ஸ் வாங்கின நைன் எம்எம்’ என்று பெருமையாகக் காட்டுகிறாரே, அது நடக்குமா?

பழைய ஹவில்தார்:
நடக்காது தம்பி. 9 எம்எம், பாயிண்ட் 38, பாயிண்ட் 45, த்ரீ நாட் த்ரீ (பாயிண்ட் 303) எல்லாம் தடை செய்யப்பட்ட அளவு. பில்டருக்குச் சாதாரணமாகக் கிடைக்காது. பாயிண்ட் 32 என்று வசனம் எழுதியிருந்தால் வாய் மூடிக்கொண்டிருப்பேன். பத்திரிகையில் 7.65 எம்எம் என்று போடுவதும் பெரும்பாலும் இந்த 32 பிஸ்டல் தோட்டாவைத்தான்.

தாராவி 90 அடி ரோடு:
கடைசியாக 1 மட்டும் பாக்கி. த்ரீ நாட் த்ரீ தானே? 26/11 அன்று சிஎஸ்டி ரயில் நிலையத்தில் ரயில்வே போலீஸ் கையில் இருந்தது அதுதான் என்று படித்திருக்கிறேன். உத்தரப் பிரதேசப் போலீஸ் 2020 ஜனவரியில்தான் அதற்கு விடை கொடுத்தது.

கிங்ஸ் சர்க்கிள்:
இஷாப்பூர் 2ஏ1 ஆகவும் இருக்கலாமே? 1962 சீனப் போருக்குப் பிறகு அதே லீ என்ஃபீல்டை (த்ரீ நாட் த்ரீயின் இயற்பெயர்) 7.62 தோட்டாவுக்கு மாற்றிச் செய்தது. தூரத்தில் பார்த்தால் அண்ணன் தம்பிதான்.

பழைய ஹவில்தார்:
2ஏ1-ல் மேகசின் சதுரமாக, அடிப்பக்கம் தட்டையாக இருக்கும். த்ரீ நாட் த்ரீயில் சாய்ந்திருக்கும். ஆனால் ஸ்டில்லைப் பெரிதாக்கிப் பாருங்கள். மேகசின் இருக்க வேண்டிய இடத்தில் மரக்கட்டை அடைத்திருக்கிறது. இது இரண்டுமில்லை, ஃபோர் டென் மஸ்கெட். பழைய த்ரீ நாட் த்ரீயின் குழலை வழவழப்பாக்கி, 410 அளவுத் தோட்டாவுக்கு மாற்றி, ஒருமுறைக்கு ஒன்றே சுடும்படி போலீஸ் காவலுக்குச் செய்து கொடுத்தார்கள். யாராவது பறித்துக்கொண்டு போனாலும் த்ரீ நாட் த்ரீ போல அதைப் பயன்படுத்த முடியாது.

செம்பூர்வாசி:
அட! அப்படியானால் துப்பாக்கியிலிருந்து கான்ஸ்டபிளின் பெல்ட்டுக்கு ஒரு சங்கிலி போகிறதே, அதுவும் அதே காரணமா? நான் ஏதோ அலங்காரம் என்று நினைத்தேன்.

பழைய ஹவில்தார்:
அதே காரணம்தான். பிடுங்கிக்கொண்டு ஓடினால் கான்ஸ்டபிளும் சேர்ந்து ஓட வேண்டியிருக்கும். காவல் பணியில் நிற்பவர்களிடம் இந்தச் சங்கிலியைப் பார்த்திருக்கிறேன்.

ஆர்ட் அசிஸ்டென்ட்:
அந்த மஸ்கெட் வாடகைப் பெட்டியில் வந்திருக்காது. யாரோ ஒரு அசிஸ்டென்ட் அலைந்து பழைய போட்டோவைத் தேடி, மரத்தில் செய்து, சங்கிலியும் கோத்திருக்கிறான். நான்கு விநாடிதான் திரையில் வருகிறது. எண்ட் டைட்டிலில் அவன் பெயர் இருக்கிறதா என்று யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.